வாய்வழி மருந்து டோஸ் கணக்கு: தப்பான விடையை வைத்தே தப்பைப் பிடிப்பது எப்படி

டோஸ் கணக்கில் விடை தப்பு என்று தெரிந்ததும் நர்சிங் மாணவர்கள் பெரும்பாலும் ஒன்றுதான் செய்கிறார்கள். முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறார்கள். முதல் தடவை எங்கே சறுக்கியதோ அதே இடத்தில் மறுபடியும் சறுக்குகிறது, அதே விடை வருகிறது. "கணக்கு எனக்கு வராது" என்ற முடிவுக்கு அங்கேதான் வந்துவிடுகிறார்கள்.

இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது. உங்களுக்கு வந்த விடை சரியான விடையிலிருந்து எத்தனை மடங்கு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 5 மடங்கு குறைந்தால் அதற்கு ஒரு காரணம், 1000 மடங்கு என்றால் வேறு காரணம், 3 மடங்கு கூடினால் இன்னொன்று, 2.2 என்றால் அதற்கும் தனிக் காரணம். விலகலே அறிகுறி. காய்ச்சலின் போக்கைப் பார்த்து நோயை யூகிக்கப் பழகும் உங்களுக்கு இது சிரமமான வேலையே இல்லை.

வார்டில் விடைப்பட்டியல் கிடையாதே, எதோடு ஒப்பிடுவது? கணக்குப் போடும் முன்னால் மனதில் போடும் தோராய விடையோடுதான். அதனால் சூத்திரத்தையும் தோராயத்தையும் முதலில் பார்த்துவிடுவோம்.

சூத்திரமும் தோராயமும்

வாய்வழி மருந்து எதுவானாலும் மூன்று எண்கள் போதும். டாக்டரின் ஆர்டரில் எவ்வளவு தரச் சொல்லியிருக்கிறது, லேபிளில் எவ்வளவு இருக்கிறது, அது எதில் இருக்கிறது. கடைசி எண் மாத்திரையானால் 1. சிரப்பானால் லேபிளில் எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறதோ அது.

ஆர்டர் ÷ லேபிள் × எதில் = கொடுக்க வேண்டிய அளவு

200 மி.கி. அமாக்ஸிசிலின் ஆர்டர். பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இருக்கிறது. பேனாவை எடுக்கும் முன் உங்களிடமே கேளுங்கள்: ஆர்டர் 250-ஐ விடப் பெரிதா, சிறிதா? சிறிது. அப்படியானால் விடை 5 மி.லி.யை விடக் குறைய வேண்டும். ரொம்பக் குறையுமா? இல்லை, 200-க்கும் 250-க்கும் இடைவெளி அதிகமில்லை. நாலு சொச்சம் வரலாம். இப்போது கணக்கு: 200 ÷ 250 = 0.8; 0.8 × 5 = 4 மி.லி. தோராயமும் கணக்கும் கைகோத்துக்கொண்டன. சரி.

விகித முறையில் போடுபவர்களுக்கும் அலகுகளை அடித்துக்கொண்டு போகும் முறையில் போடுபவர்களுக்கும் இதே விடைதான் வரும். எந்த முறை கைக்குப் பழகியிருக்கிறதோ அதிலேயே இருங்கள். தேர்வுக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: சிரப் விடை 5 மடங்கு குறைகிறது

மேலே சொன்ன கணக்கில் 4 மி.லி.க்குப் பதில் 0.8 மி.லி. என்று எழுதியிருக்கிறீர்கள். வகுத்ததோடு நின்றுவிட்டீர்கள், "எதில்" என்ற மூன்றாவது எண் விட்டுப்போயிற்று. மாத்திரைக் கணக்குகளை மட்டுமே நிறையப் போட்டுப் பழகியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அங்கே மூன்றாவது எண் எப்போதும் 1. பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் விடை மாறாது. அந்தப் பழக்கம் சிரப்பிலும் தொடர்ந்து வருகிறது.

தீர்வு: 0.8 என்று வந்தவுடன் அதன் பக்கத்தில் அலகு எழுத முயலுங்கள். மி.கி.யை மி.கி.யால் வகுத்தால் அலகு இரண்டும் அடிபட்டுப் போகும், மி.லி. எங்கிருந்தும் வராது. 0.8-க்கு அலகே இல்லை. அலகு இல்லாத விடை முடியாத விடை.

இதற்கு ஒரு தங்கை உண்டு: விடை 3 மடங்கு குறைவது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 15 மி.லி.க்கு 20 மில்லி ஈக்குவலண்ட் (பொட்டாசியம் போன்றவற்றை அளக்கும் அலகு) என்ற லேபிளைப் பார்ப்பீர்கள். 30 மில்லி ஈக்குவலண்ட் ஆர்டர் என்றால் 30 ÷ 20 × 15 = 22.5 மி.லி. சிரப் என்றாலே 5-ஆல் பெருக்கும் கைப்பழக்கத்தில் 7.5 மி.லி. என்று எழுதிவிடுவார்கள். லாக்டுலோஸிலும் இப்படித்தான், 15 மி.லி.க்கு 10 கிராம் என்று வரும் லேபிளில் 20 கிராமுக்கு 30 மி.லி. எடுக்க வேண்டும். 5 என்ற எண் எந்தச் சட்டத்திலும் இல்லை. லேபிளில் இருந்தால்தான் உண்டு. போகிற போக்கில் இன்னொன்று: மில்லி ஈக்குவலண்டை மி.கி.யாக மாற்றப் போகாதீர்கள். ஆர்டரும் லேபிளும் ஒரே அலகில் இருக்கும்போது மாற்ற வேண்டிய தேவையே இல்லை. பொட்டாசியம் கரைசலை நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதும் அதே லேபிளிலேயே இருக்கும்.

அறிகுறி: அரை மாத்திரை வர வேண்டிய இடத்தில் இரண்டு வருகிறது

ஃபுரோசமைடு 20 மி.கி. ஆர்டர், கையில் 40 மி.கி. மாத்திரை. நீங்கள் 40 ÷ 20 = 2 என்று போட்டுவிட்டீர்கள். ஆர்டரும் லேபிளும் இடம் மாறிவிட்டன. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுப்பதுதான் இயல்பு என்று மனம் பள்ளி நாளிலிருந்தே பழகியிருப்பதால் வரும் தப்பு இது.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை இருக்கிறது. தப்பான விடையையும் சரியான விடையையும் பெருக்குங்கள். மாத்திரைக் கணக்கில் 1 வந்தால் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள் என்பது உறுதி: 2 × ½ = 1. 5 மி.லி. சிரப்பில் 25 வரும். 125 மி.கி. ஆர்டர், 5 மி.லி.க்கு 250 மி.கி. லேபிள் என்றால் சரியான விடை 2.5, தலைகீழ் விடை 10. இரண்டையும் பெருக்கினால் 25.

இந்தத் தப்பின் ஆபத்து, விடை பார்க்க நன்றாக இருப்பதுதான். இரண்டு மாத்திரை என்பது யாருக்கும் விசித்திரமாகப் படாது. ஆனால் நோயாளிக்குப் போவது நாலு மடங்கு டோஸ். தோராயம் போட்டால் ஒரு நொடியில் பிடிபடும்: ஆர்டர் லேபிளைவிடச் சிறிது, எனவே விடை ஒரு மாத்திரைக்குள் அடங்க வேண்டும்.

அறிகுறி: 500 மாத்திரை, 0.003 மாத்திரை

இப்படி ஒரு விடை வந்தால் பயப்பட வேண்டாம். இது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் தப்பு. அலகை மாற்றாமல் வகுத்திருக்கிறீர்கள்.

டிகாக்ஸின் 125 மைக்ரோகிராம் ஆர்டர், மாத்திரையில் 0.25 மி.கி. அப்படியே வகுத்தால் 500 மாத்திரை. 0.25 மி.கி.யை 1000-ஆல் பெருக்கினால் 250 மைக்ரோகிராம்; 125 ÷ 250 = அரை மாத்திரை. தைராக்ஸின் 0.075 மி.கி. ஆர்டர், மாத்திரை 25 மைக்ரோகிராம். மாற்றாமல் போட்டால் 0.003. மாற்றினால் 75 ÷ 25 = 3 மாத்திரை.

எந்தப் பக்கத்தை மாற்றுவது என்று கேட்பார்கள். என் பரிந்துரை எப்போதும் தசமப்புள்ளி மறையும் பக்கம். 0.075 மி.கி.யை 75 மைக்ரோகிராமாக்குங்கள். 25 மைக்ரோகிராமை 0.025 மி.கி. ஆக்க வேண்டாம். கணித விதிப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் முழு எண்ணில் கை தடுமாறுவது குறைவு.

கிராமிலிருந்து மி.கி., மி.கி.யிலிருந்து மைக்ரோகிராம், இரண்டும் 1000 மடங்கு. சிறிய அலகுக்குப் போனால் எண் பெரிதாகும், பெரிய அலகுக்குப் போனால் எண் சிறிதாகும். வாய்வழி மருந்துக்கு எடை மாற்றத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அறிகுறி: சரியாக 10 மடங்கு கூடுகிறது அல்லது குறைகிறது

முந்தையதைவிட இது பல மடங்கு ஆபத்தானது. 500 மாத்திரையை யாரும் எண்ணி எடுக்க மாட்டார்கள். 10 மடங்கு தப்பு மட்டும் சத்தமில்லாமல் நோயாளியின் வாய் வரை போய்விடும்.

0.25 கிராம் அமாக்ஸிசிலின் ஆர்டர், 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப். 0.25 × 1000 = 250 மி.கி., எனவே 5 மி.லி. புள்ளியை மூன்று இடம் தள்ளுவதற்குப் பதில் இரண்டு இடம் தள்ளிய மாணவருக்கு 25 மி.கி. என்று வரும், விடை 0.5 மி.லி. கைக்குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாக 0.5 மி.லி. கொடுத்துப் பழகியவர் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது.

புள்ளியைத் தள்ளும்போது வெறும் கண்ணால் தள்ளாதீர்கள். 0.250 என்று மூன்று இடமும் நிரப்பி எழுதிவிட்டு, புள்ளியை அதன் வால் வரை கொண்டுபோங்கள். கிராமை மி.கி. ஆக்கும் இந்த இடைப்படிக்காக மட்டும் பூஜ்ஜியம் சேர்க்கலாம். விடையிலோ மருந்துச் சார்ட்டிலோ அந்த வால் பூஜ்ஜியம் வரவே கூடாது.

ஏன் கூடாது? 5.0 மி.கி. என்று எழுதினால், புள்ளி மங்கியிருக்கும்போது 50 என்று படிக்கப்படும். அதேபோல .5 மி.கி. என்று எழுதினால் 5 ஆகிவிடும். புள்ளிக்கு முன் பூஜ்ஜியம் கட்டாயம், புள்ளிக்குப் பின் வெறும் பூஜ்ஜியம் கூடாது: 0.5 சரி, 5 சரி; .5 தப்பு, 5.0 தப்பு. உலகம் முழுக்க மருந்துப் பாதுகாப்பு விதிகளில் இது இடம்பெற்றிருக்கிறது. மைக்ரோகிராமையும் குறியீடு போட்டுச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். அவசரக் கையெழுத்தில் எம்ஜியும் (மி.கி.) எம்சிஜியும் (மைக்ரோகிராம்) ஒன்றாகத் தெரியும். அங்கே வித்தியாசம் 1000 மடங்கு.

ஆர்டரிலேயே .5 என்றோ 5.0 என்றோ இருந்தால் நீங்களாக யூகிக்க வேண்டாம். எழுதியவரிடம் கேளுங்கள்.

அறிகுறி: குழந்தை டோஸ் 3 அல்லது 4 மடங்கு விலகுகிறது

எடைக்கேற்ற டோஸில் இதுதான் அதிகம் நடப்பது. நாளுக்கா, வேளைக்கா என்ற குழப்பம்.

12 கிலோ குழந்தை. அமாக்ஸிசிலின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து. சிரப் 5 மி.லி.க்கு 125 மி.கி.

12 × 40 = 480 மி.கி. இது முழு நாளுக்கு.
480 ÷ 3 = 160 மி.கி. இது ஒரு வேளைக்கு.
160 ÷ 125 × 5 = 6.4 மி.லி.

இரண்டாவது வரியை விட்டவருக்கு 19.2 மி.லி. வரும், மூன்று மடங்கு கூடுதல். நாலு வேளை மருந்தானால் நாலு மடங்கு.

இதன் மறுபக்கமும் உண்டு. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது ஒரு வேளைக்கான அளவு. நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நாலு வேளைக்கு மேல் போகாமல் கொடுப்பது. அமாக்ஸிசிலின் கணக்கை இப்போதுதான் முடித்த மாணவர் அதே வேகத்தில் இதையும் நாலால் வகுத்துவிடுவார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்காது. "மருந்து கேட்கவில்லை" என்று சார்ட்டில் ஏறும்.

எனவே எடைக் கணக்கில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் "நாளுக்கு" அல்லது "வேளைக்கு" என்று சொல்லாகவே எழுதுங்கள். வெறும் மி.கி. போதாது. ஆர்டரில் இரண்டில் எது என்று தெளிவில்லை என்றால் அந்த ஆர்டரை வைத்துக் கணக்குப் போட முடியாது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விடை வந்த பிறகு திரும்பி ஒரு நடை போய்ப் பாருங்கள். 6.4 மி.லி.யில் எவ்வளவு மருந்து? 6.4 ÷ 5 × 125 = 160 மி.கி. அதைக் குழந்தையின் எடையால் வகுத்தால் வேளைக்குக் கிலோவுக்கு 13.3 மி.கி.; மூன்றால் பெருக்கினால் 40. ஆர்டருக்கே திரும்பி வந்துவிட்டோம். இந்தத் திரும்பும் கணக்குக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. குழந்தைகள் வார்டில் இதைச் செய்யாமல் மருந்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு எல்லையும் பாருங்கள். 80 கிலோ உள்ள வளரிளம் பருவத்தினருக்குக் கிலோவுக்கு 15 மி.கி. போட்டால் 1200 மி.கி. பாராசிட்டமால் வரும். பெருக்கல் சரிதான், ஆனால் பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1 கிராம்தான் உச்சம். எடைக் கணக்கு பெரியவர் டோஸைத் தாண்டும் இடத்தில் பெருக்கலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

குழந்தை டோஸுக்குப் பாடத்தில் வரும் யங் விதி (வயதை வைத்து), கிளார்க் விதி (எடையை வைத்து) பற்றி ஒரு வார்த்தை. 20 கிலோ எடையுள்ள 6 வயதுக் குழந்தைக்கு, பெரியவர் டோஸ் 500 மி.கி. என்று எடுத்துக்கொண்டால், யங் விதிப்படி வயது 6-ஐ 18-ஆல் (வயதோடு 12 கூட்டியது) வகுத்து 500-ஆல் பெருக்க 167 மி.கி. வரும். கிலோவுக்கு 15 மி.கி. என்று போட்டால் 300 மி.கி. நீங்கள் கணக்கில் தப்பவில்லை, விதிகள்தான் வேறு. கேள்வித்தாளில் யங் விதி கேட்டால் யங் விதியில் எழுதுங்கள். படுக்கையருகே எடைக் கணக்கு மட்டும்தான்.

அறிகுறி: 2.2 மடங்கு

எடை பவுண்டில் இருந்திருக்கிறது, நீங்கள் கிலோ என்று எடுத்துக்கொண்டீர்கள். 33 பவுண்டு குழந்தை 15 கிலோதான். 33-ஐ அப்படியே பெருக்கினால் டோஸ் 2.2 மடங்கு கூடும். விலகல் 4.84 என்று வந்தால் இன்னும் வேடிக்கை: வகுக்க வேண்டிய 2.2-ஐப் பெருக்கியிருக்கிறீர்கள். சில எடைக் கருவிகளில் ஒரு பொத்தான் அழுத்தினால் அலகு மாறிவிடும், எண்ணோடு அலகையும் படியுங்கள். குழந்தையைக் கண்ணால் பார்த்தாலும் தெரியும். இரண்டு வயதுக் குழந்தைக்கு 33 கிலோ இருக்காது.

அறிகுறி: விடை கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஒத்துவரவில்லை

கணக்கின் நடுவில் எண்ணை முழுமையாக்கிவிட்டீர்களா, அதாவது தசமத்தைச் சுருக்கி அருகிலுள்ள எண்ணாக மாற்றிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். 11.3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால்: 169.5 மி.கி. சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி. 169.5 ÷ 120 = 1.4125; × 5 = 7.06 மி.லி. இதை 7.1 என்று எடுக்கலாம். 1.4125-ஐ நடுவிலேயே 1 ஆக்கியவருக்கு 5 மி.லி. வரும், கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. கடைசி வரியில் மட்டும், அதுவும் கையில் இருக்கும் சிரிஞ்சின் கோடுகளுக்கு ஏற்ப, ஒரே ஒரு தடவை முழுமையாக்குங்கள். எத்தனை தசம இடம் என்பதில் உங்கள் கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ விதி இருந்தால் அதுவே முடிவு.

நடுவில் முழுமையாக்கவில்லை, ஆனாலும் விலகுகிறது என்றால் கூட்டு மருந்தாக இருக்கலாம். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625 மி.கி. மாத்திரையில் 500 அமாக்ஸிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம். 5 மி.லி.க்கு 228.5 மி.கி. என்ற சிரப்பில் 200-ம் 28.5-ம். டாக்டர் அமாக்ஸிசிலின் அளவில் 300 மி.கி. எழுதியிருந்தால் 300 ÷ 200 × 5 = 7.5 மி.லி. லேபிளில் பெரிதாக அச்சிட்ட 228.5-ஆல் வகுத்தால் 6.6 மி.லி. என்று வரும். ஆர்டர் எந்தக் கூறின் அளவைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு, லேபிளின் சிறிய எழுத்தில் அதே கூறைத் தேடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையில் இந்த இடைவெளி பெரிது. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி. மாத்திரையில் உண்மையான இரும்பு 65 மி.கி.தான். 130 மி.கி. இரும்பு என்று ஆர்டர் இருந்தால் இரண்டு மாத்திரை. 325-ஆல் வகுத்தால் 0.4 மாத்திரை. மாத்திரைக் கணக்கில் 5 மடங்கு குறைவைப் பார்த்தால் உப்பின் (இங்கே ஃபெரஸ் சல்ஃபேட்டின்) முழு எடையால் வகுத்துவிட்டோமா என்று யோசியுங்கள்.

அறிகுறி: 1.33 மாத்திரை, முக்கால் மாத்திரை, எட்டு மாத்திரை

கணக்கைத் திரும்பிப் போட்டும் இதே விடை வந்தால் கணக்கில் குறையில்லை, கையில் இருக்கும் மருந்துதான் ஆர்டருக்குப் பொருந்தவில்லை. 400 மி.கி. ஆர்டருக்கு 300 மி.கி. மாத்திரையை வைத்து 1.33 கொடுக்க எந்த வழியும் இல்லை. வேறு வலிமையோ சிரப்போ இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். "கிட்டத்தட்ட ஒன்றரை" என்று நீங்களே முடிவெடுப்பது டோஸை மாற்றி எழுதுவதற்குச் சமம். அந்த அதிகாரம் நர்சிடம் இல்லை.

அரை மாத்திரை என்றால் மாத்திரையின் நடுவில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் உடைக்கலாம். நடுவில் ஒரே கோடுள்ள மாத்திரையை நாலாக உடைத்துக் கால், முக்கால் என்று கொடுப்பது சரியான அளவைத் தராது. கேப்ஸ்யூலைப் பாதியாக்க முடியாது. குடலில் கரைவதற்காக மேல்பூச்சுப் போட்டவை, மெதுவாக மருந்தை விடும் வகை மாத்திரைகள் ஆகியவற்றைப் பொடியாக்கக் கூடாது. மெதுவாக விடும் வகையைப் பொடியாக்கினால் நாள் முழுக்க விட வேண்டியதை ஒரே நேரத்தில் விட்டுவிடும். மூக்குக்குழாய் வழியாக உணவு போகும் நோயாளிக்கு மாத்திரை ஆர்டர் வந்தால் பொடியாக்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

எட்டு மாத்திரை என்று வந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் உடனே தப்பு என்று தள்ளாதீர்கள். பிரெட்னிசலோன் 40 மி.கி. ஆர்டர், 5 மி.கி. மாத்திரை மட்டும் இருக்கிறது என்றால் எட்டுதான் சரி. மூன்றுக்கு மேல் போனால் கேட்டுவிட்டுக் கொடுப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டில் மட்டும் இரண்டு தடவை நிற்க வேண்டும். 15 மி.கி. ஆர்டருக்கு 2.5 மி.கி. மாத்திரை ஆறு என்பது சரியான கணக்கு. ஆனால் மூட்டுவாதத்துக்கு அது வாரம் ஒரு முறை தரும் மருந்து. அதைத் தினமும் கொடுத்ததால் நோயாளிகள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆர்டரில் கிழமை எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மருந்தை எடுக்காதீர்கள்.

அறிகுறி: நேற்று சரியாக இருந்த மி.லி. இன்று தப்பாகிறது

பாட்டில் மாறியிருக்கிறது. 14 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால், அதாவது 210 மி.கி. 5 மி.லி.க்கு 120 மி.கி. சிரப்பில் 8.75 மி.லி. 5 மி.லி.க்கு 250 மி.கி. சிரப்பில் 4.2 மி.லி. 1 மி.லி.க்கு 100 மி.கி. சொட்டு மருந்தில் 2.1 மி.லி. மருந்து ஒன்று, குழந்தை ஒன்று, டோஸ் ஒன்று, மி.லி. மட்டும் மூன்று விதம்.

நேற்றைய 8.75 மி.லி.யை இன்றைய 250 பாட்டிலில் எடுத்தால் 437.5 மி.கி. போகும், கிலோவுக்கு 31 மி.கி. சொட்டு மருந்தில் எடுத்தால் 875 மி.கி., கிலோவுக்கு 62.5 மி.கி.; நாலு வேளைக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியதை ஒரே மடக்கில் கொடுத்தது போல. ஆகவே ஷிப்ட் மாறும்போது "8.75 மி.லி. கொடு" என்று சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். மி.கி.யில் பேசுங்கள், பாட்டிலைப் பார்த்து மி.லி.யைப் புதிதாகப் போடுங்கள். வீட்டுக்குப் போகும் தாய்க்கு மி.லி. சொல்லித் தரும்போது பாட்டிலின் வலிமையையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். வீட்டில் பாட்டில் தீர்ந்தால் அடுத்து வாங்குவது வேறு வலிமையாக இருக்கலாம்.

தண்ணீர் சேர்த்துக் கலக்கும் பவுடர் சிரப்பில் இன்னொரு குழப்பம் வரும். ஊற்றிய தண்ணீரின் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; பவுடரும் இடம் பிடிக்கும். லேபிளில் சொன்ன அளவு தண்ணீர் சேர்த்த பிறகு கிடைக்கும் கலவைக்கான வலிமைதான் அதில் அச்சிட்டிருக்கும்.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் உள்ளே போன அளவு சரியில்லை

தாளில் 4 மி.லி., குழந்தையின் வாயில் மூன்றரை. இது கையின் தப்பு.

சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. 5 மி.லி.க்குக் குறைவு என்றால் வாய்வழி சிரிஞ்ச் எடுங்கள். ஊசி பொருந்தாத நுனி உள்ள சிரிஞ்ச். வாய்வழி மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போகாமல் தடுப்பது அதுதான். சிறிய அளவுக்குச் சிறிய சிரிஞ்ச்: 0.7 மி.லி.யை 10 மி.லி. சிரிஞ்சில் துல்லியமாக எடுக்க முடியாது. உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அது பிடித்த இடத்தில் மருந்து இல்லை. மெடிசின் கப் என்றால் சமமான இடத்தில் வைத்து, கண்ணைக் கப்பின் மட்டத்துக்குத் தாழ்த்தி, மருந்தின் வளைவில் அடிப்புறம் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். கப்பைக் கையில் தூக்கி மேலிருந்து பார்த்தால் கூடவோ குறையவோ தெரியும்.

சஸ்பென்ஷனை (மருந்துத் துகள் கரையாமல் கலந்திருக்கும் திரவம்) குலுக்காமல் ஊற்றுவதும் இதில் சேரும். ஃபெனிட்டாயின் சஸ்பென்ஷனைக் குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கிவிடும். பாட்டிலின் தொடக்கத்தில் நோயாளிக்குக் குறைந்த டோஸ் போய் வலிப்பு வரலாம். பாட்டிலின் கடைசியில் அதே மி.லி.யில் அதிக டோஸ் போய்த் தள்ளாட்டமும் மயக்கமும் வரலாம். சார்ட்டைப் பார்த்தால் தினமும் ஒரே அளவு கொடுத்ததாகத்தான் இருக்கும்.

அறிகுறி: உங்கள் விடையும் உடன் இருப்பவர் விடையும் வேறு வேறு

மருந்தை அங்கேயே வைத்துவிடுங்கள். அனுபவம் அதிகம் என்பதற்காக அவர் விடையை ஏற்கவும் வேண்டாம், உங்கள் விடைதான் சரி என்று வாதாடவும் வேண்டாம். இருவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், ஆர்டரிலிருந்தும் லேபிளிலிருந்தும் எண்களைப் புதிதாக எடுத்துக் கணக்குப் போடுங்கள். "4 மி.லி. வருது, சரிதானே அக்கா?" என்று கேட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும். விடையைச் சொல்லாமல், "இந்த ஆர்டருக்கு இந்தப் பாட்டிலில் எவ்வளவு வரும், போட்டுப் பாருங்க அக்கா" என்று கேளுங்கள்.

அப்போதும் ஒத்துவராவிட்டால் இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள மடங்கைப் பாருங்கள். மூன்று என்றால் ஒருவர் நாள் அளவையும் இன்னொருவர் வேளை அளவையும் எடுத்திருக்கலாம்; ஐந்து என்றால் மி.லி. விட்டுப்போயிருக்கலாம். அதிலும் பிடிபடவில்லை என்றால் ஆர்டரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சார்ஜ் சிஸ்டரிடமோ மருந்தாளுநரிடமோ போங்கள், ஆர்டரிலேயே ஐயம் என்றால் எழுதிய டாக்டரிடம். மருந்து தாமதமானதற்கான காரணத்தையும் நேரத்தையும் சார்ட்டில் குறித்துவிடுங்கள்.